‘ஆர்.சி.பி.வி. 4.2’ என்றால் என்ன அர்த்தம்? – வாசகர் கேள்வி பதில்

மூளைக்கட்டியில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எடுக்கும் பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத்தார் எழுதியவையும் உண்டு. ஸ்கேன் அறையில் வேலை பழகுபவர்கள் எழுதியவையும் உண்டு. பதில்களைக் கதிரியல் மருத்துவர்களும் டெக்னீஷியன்களும் சேர்ந்து தந்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 61 வயது. இரண்டு வாரமாகத் தலைவலி, ஒரு தடவை வலிப்பு. வலது பொட்டுப் பகுதியில் கட்டி என்றும், ‘ஆர்.சி.பி.வி. 4.2, ஹை கிரேடு கிளையோமாவாக இருக்கலாம்’ என்றும் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். நான்காவது ஸ்டேஜ் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது என்றால் பயாப்ஸி எதற்கு? – வாசகி, தஞ்சாவூர்

ஸ்டேஜ் என்ற சொல்லை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மார்பகம், குடல் போன்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சொல்வதற்கு ஸ்டேஜ். மூளையின் துணைச் செல்களிலிருந்து வரும் கட்டியான கிளையோமாவுக்கு உள்ளது கிரேடு. கட்டியின் குணம் எவ்வளவு மூர்க்கம் என்பதை வைத்து 1 முதல் 4 வரை போடுவார்கள்.

4.2 என்பது கிரேடும் கிடையாது. ஆர்.சி.பி.வி. (ரிலேட்டிவ் செரிப்ரல் பிளட் வால்யூம்) என்பது ஒரு விகிதம். கட்டிக்குள் தங்கியிருக்கும் ரத்தத்தின் அளவை, மூளையின் மறுபக்கத்தில் நோயில்லாத வெண்பொருளில் இருக்கும் அளவால் வகுத்தால் வருவது. அப்பாவின் கட்டியில் மிக அதிகமாக ரத்தம் தெரியும் இடத்தில், ஒப்பிட்ட இடத்தைப் போல 4.2 மடங்கு ரத்தம் இருக்கிறது. அவ்வளவுதான் அந்த எண் நேரடியாகச் சொல்வது.

அதை வைத்து ஏன் கிரேடு பேசுகிறார்கள்? வேகமாகப் பெருகும் கட்டிக்குத் தீனி போதாது. ஆக்ஸிஜன் கிடைக்காத செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். அது பக்கத்து ரத்தக்குழாய்களிலிருந்து புதுத் தந்துகிகளை முளைக்க வைக்கும். அவசரத்துக்கு முளைத்த இந்தக் குழாய்கள் கோணல்மாணலாக, சுவர் கெட்டியில்லாமல், ஒழுகலோடு இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மருத்துவர் கிரேடு 4 என்று முடிவு செய்யப் பயன்படுத்தும் அடையாளங்களில் ஒன்று, இப்படிக் குழாய்கள் மண்டிக் கிடப்பது. அதையே மண்டையைத் திறக்காமல் வெளியிலிருந்து அளந்து பார்க்கும் முயற்சிதான் பெர்ஃப்யூஷன்.

பல ரிப்போர்ட்டுகளில் ‘1.75-க்கு மேல் இருந்தால் ஹை கிரேடு’ என்று பார்த்திருப்பீர்கள். 2003-இல் நியூயார்க்கில் மெங் லா குழுவினர் 160 கிளையோமா நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட எண் அது. ஹை கிரேடு 120 பேரில் 114 பேரை அந்தக் கோடு சரியாகப் பிடித்தது. ஆனால் லோ கிரேடு 40 பேரில் 17 பேரும் கோட்டுக்கு மேலேதான் வந்தார்கள். நழுவவிடக் கூடாது என்று கோட்டைத் தாழ்வாகப் போட்டதன் விலை இது. ஆகவே 1.9, 2.1 போன்ற எண்களைக் கண்டு யாரும் முடிவுக்கு வர வேண்டாம். 4.2 அந்தக் கோட்டிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. 61 வயது, புதிதாக வந்த வலிப்பு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால் ரேடியாலஜிஸ்ட் எழுதியது நியாயமான வாக்கியம்தான்.

அப்படியிருந்தும் பயாப்ஸி வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் பெரியவர்களின் கிளையோமாவுக்கு மரபணுவைப் பார்க்காமல் முழுப் பெயரே வைக்க முடியாது. ஐ.டி.எச். மரபணுவில் மாற்றம் உண்டா, 1பி/19க்யூ குரோமோசோம் துண்டுகள் இரண்டும் காணாமல் போயிருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் பெயர், அதன் பிறகுதான் கிரேடு. ஐ.டி.எச். மாற்றம் இல்லாத பெரியவர்களின் அஸ்ட்ரோசைட்டோமாவில் (கிளையோமாவில் ஒரு வகை) டெர்ட் புரமோட்டர் மாற்றம், இ.ஜி.எஃப்.ஆர். பெருக்கம், 7-ஆவது குரோமோசோம் கூடி 10-ஆவது குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அது கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4. மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்தாலும் சரி, ஸ்கேனில் ரத்தம் குறைவாகத் தெரிந்தாலும் சரி. கதிர்வீச்சு எவ்வளவு, எந்த மாத்திரை என்பதெல்லாம் இந்தப் பெயரைப் பொறுத்தது. லிம்போமா, வேறு உறுப்பிலிருந்து வந்த புற்று ஆகியவையும் கிளையோமா போல வேஷம் போடும்.

பெர்ஃப்யூஷனால் பயாப்ஸிக்கே ஒரு லாபம் உண்டு. ஒரே கட்டியில் ஒரு மூலை கிரேடு 2 போலவும் இன்னொரு மூலை கிரேடு 4 போலவும் இருக்கலாம். ஊசி சாது மூலையில் இறங்கினால் ரிசல்ட்டும் சாதுவாக வரும். ரத்தம் அதிகமாகத் தெரியும் இடத்தின் வண்ணப்படத்தை நியூரோசர்ஜன் தன் நேவிகேஷன் திரையில் ஏற்றி, அங்கிருந்து சதை எடுக்கலாம். அப்பாவின் சர்ஜனிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

ரேடியோகிராபி இறுதியாண்டு படிக்கிறேன். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு டி.எஸ்.சி. பெர்ஃப்யூஷன் எடுக்கும்போது, நேரத்தோடு சிக்னல் மாறுவதைக் காட்டும் வளைகோடு சில நாள் அழகாக வருகிறது, சில நாள் குப்பையாக வருகிறது. எங்கே தவறுகிறோம்? – மாணவர், வேலூர்

வென்ஃப்ளானிலிருந்து, அதாவது நாளத்தில் போடும் ஊசிக்குழாயிலிருந்து தொடங்குங்கள். பாதித் தவறு மெஷின் அறைக்கு வெளியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. வலது கை முழங்கை மடிப்பில் 20 கேஜ், அதாவது பிங்க். நல்ல நாளம் கிடைத்தால் 18 கேஜ் பச்சை. வார்டிலிருந்து புறங்கையில் நீல நிற 22 கேஜோடு அனுப்பி வைப்பார்கள். விநாடிக்கு 4 மி.லி. வேகத்தை அதனிடம் நம்பி ஒப்படைக்க முடியாது, வேறு போட்டுவிடுங்கள். வலது கை ஏன் என்றால், இடக் கையிலிருந்து வரும் பெரிய சிரை மார்பெலும்புக்குப் பின்னால் குறுக்கே கடந்து வர வேண்டும். வயதானவர்களில் அங்கே நசுங்கி, மருந்து கழுத்துச் சிரைக்குள் பின்னோக்கி ஏறுவதுண்டு. போட்டதும் 10 மி.லி. சலைனை வேகமாகத் தள்ளிப் பாருங்கள். வீங்கினால் அப்போதே தெரிந்துவிடும்.

டோஸ் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிமோல். கடோடெரேட் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து லிட்டருக்கு 0.5 மோல் செறிவு கொண்டது, எனவே 12 மி.லி. கடோபியூட்ரால் அதைப் போல இரு மடங்கு செறிவு, எனவே 6 மி.லி. போதும். சென்டரில் பிராண்ட் மாறிய வாரத்தில் லேபிளைப் பார்க்காமல் பழைய மி.லி. கணக்கையே போட்டால் இரட்டை டோஸோ அரை டோஸோதான் போகும். பவர் இன்ஜெக்டரில் விநாடிக்கு 4 முதல் 5 மி.லி., பின்னாலேயே அதே வேகத்தில் 20 முதல் 25 மி.லி. சலைன். 12 மி.லி. மருந்து மூன்றே விநாடியில் உள்ளே போய்விடும். இந்த இறுக்கமான உருண்டை மூளைக்குள் நுழையும்போது, மருந்தில் உள்ள கடோலினியத்தின் காந்தத்தன்மை சுற்றியுள்ள சிக்னலைக் குலைத்து டி2 ஸ்டார் படத்தைச் சட்டென்று கறுக்க வைக்கும். கறுப்பு எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பதிலிருந்துதான் ரத்த அளவைக் கணக்கிடுகிறோம். சலைனைக் குறைத்தால் மருந்தின் வால் பகுதி கையிலேயே தங்கி, மெதுவாக ஒழுகி வரும். வளைகோடு பள்ளமாக விழாமல் சரிவாக இறங்கும்.

3 டெஸ்லா மெஷினில் கிரேடியன்ட் எக்கோ இ.பி.ஐ. என்ற அதிவேகப் படமுறை, எக்கோ நேரம் 30 மில்லிசெகண்ட், டி.ஆர். (ஒரு படத்தொகுப்புக்கு ஆகும் நேரம்) 1 முதல் 1.5 விநாடி. ஒரே முழு டோஸாகப் போடுவதென்றால் ஃபிளிப் கோணம் 30 டிகிரி. 60 டிகிரியில் எடுக்கும் சென்டர்களில் ‘பிரீலோட்’ வேண்டும்: ஐந்தாறு நிமிடம் முன்பே ஒரு டோஸைப் போட்டுக் காத்திருந்து, பிறகு இன்னொரு டோஸோடு பெர்ஃப்யூஷன். காரணம் ஒழுகல். கட்டியின் குழாயிலிருந்து மருந்து வெளியே கசிந்தால் டி1 விளைவால் அந்த இடம் வெளுக்கும். கறுக்க வேண்டிய இடத்தில் வெளுப்பு கலந்தால் ரத்த அளவு குறைவாகக் கணக்காகும். ஹை கிரேடு கட்டி லோ கிரேடு போலத் தெரிய இது ஒன்றே போதும். முன்டோஸ் அந்த வெளுப்பை ஏற்கெனவே நிரப்பிவிடுகிறது. தாழ்ந்த கோணம் வெளுப்பு உருவாகவே அதிகம் விடுவதில்லை. நாங்கள் 30 டிகிரிப் பக்கம். ஒரு டோஸ் மிச்சம், கவனம் சிதற ஒரு வாய்ப்பும் குறைவு. 30 டிகிரியில் எடுத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் பிரீலோடும் கொடுப்பது, 60-ஐ வைத்துக்கொண்டு பிரீலோடை மறப்பது இரண்டும் நடக்கிற விஷயம். பின்னதுதான் ஆபத்து.

படத்தொகுப்பு 120-க்குக் குறையாமல் எடுங்கள். மருந்து போகும் முன் 30 முதல் 50 தொகுப்பு வரட்டும். டி.ஆர். 1.5 விநாடி என்றால் 40 தொகுப்புக்குச் சரியாக ஒரு நிமிடம் ஆகும்; அப்போது இன்ஜெக்டரை அழுத்துங்கள். பொறுமையில்லாமல் பத்தாவது விநாடியிலேயே அழுத்துவதுதான் பலர் செய்வது. அடிக்கோடு போதாமல், எங்கிருந்து பள்ளம் தொடங்கியது என்று சாஃப்ட்வேருக்கே தெரியாமல் போய்விடும்.

நோயாளியிடம் முன்பே சொல்லிவையுங்கள்: ‘கையில் ஜில்லென்று ஏறும், தலையை மட்டும் ஆட்டாதீங்க.’ சொல்லாவிட்டால் மருந்து ஏறும் அந்த மூன்று விநாடியில்தான் துள்ளுவார். நமக்கு வேண்டியதும் அதைத் தொடர்ந்து வரும் சில விநாடிகள்தான்.

ஸ்கேன் முடிந்ததும் வண்ணப்படத்துக்குத் தாவாமல், நல்ல பக்க மூளையில் ஒரு சிறு வட்டம் போட்டு வளைகோட்டைப் பாருங்கள். தட்டையான அடிக்கோடு, கிணறு போல ஒரு பள்ளம், பிறகு கிட்டத்தட்டப் பழைய மட்டம் என்று இருந்தால் சரி. அங்கேயே பள்ளம் அகலமாக, ஆழமில்லாமல் இருந்தால் ஊசி மருந்து மெதுவாகப் போயிருக்கிறது. நல்ல பக்கம் சரியாக இருந்து, கட்டியில் மட்டும் கோடு பழைய மட்டத்தைத் தாண்டி மேலே போனால் டி1 ஒழுகல். மட்டத்துக்கு வராமல் கீழேயே தங்கினால் டி2 ஸ்டார் ஒழுகல், அது ரத்த அளவைக் கூட்டிக் காட்டும். இரண்டுக்கும் சாஃப்ட்வேரில் ஒழுகல் திருத்தம் இருக்கிறது. அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வளைகோடே கெட்டுப்போயிருந்தால் வண்ணம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் பயனில்லை. டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடி மருந்து போடுவதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

தம்பிக்கு ஒரு சென்டரில் 1.6 என்றார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு சென்டரில் 2.9. பத்தே நாளில் இவ்வளவு வளர்ந்துவிட்டதா? – வாசகர், ஈரோடு

கட்டி அவ்வளவு வேகமாக மாறியிருக்க வாய்ப்பு குறைவு. அளந்த விதம் மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே படத்தில் கட்டி முழுவதையும் சுற்றி வட்டம் போட்டுச் சராசரி எடுத்தால் 1.6 வரலாம், மிகச் சிவந்த புள்ளியில் சில மில்லிமீட்டர் வட்டம் போட்டால் 2.9 வரலாம். கிரேடு பார்ப்பதற்கு இரண்டாவது முறைதான் சரி, ஏனென்றால் கட்டியின் கிரேடை அதன் மோசமான பகுதிதான் தீர்மானிக்கிறது. ஆனால் அந்தச் சிவந்த புள்ளி நிஜமாகவே கட்டியா, பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாயா என்று பார்த்திருக்க வேண்டும். பொட்டு மடலையும் நெற்றி மடலையும் பிரிக்கும் இடுக்கில் நடு மூளைத் தமனியின் கிளைகள் நிறைய. வட்டம் அதில் ஒரு ஓரம் பட்டாலே எண் எகிறிவிடும்.

இடையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தொடங்கினார்களா? அது குழாய்களின் ஒழுகலைக் குறைப்பதால் எண் நகரும். கட்டிக்குள் ரத்தக்கசிவோ சுண்ணாம்போ இருந்தாலும், காது எலும்பு, மூக்குக் காற்றறை இவற்றின் பக்கத்தில் கட்டி இருந்தாலும் அந்த இடமே கறுத்துப்போய், எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகும். இரண்டு சென்டரிலும் பிரின்ட் எடுத்த ஃபிலிமைக் கேட்காதீர்கள், சி.டி.யைக் கேளுங்கள், பெர்ஃப்யூஷனின் மூலப்படங்கள் அதில் இருக்க வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். ஒரே ரேடியாலஜிஸ்ட் இரண்டையும் ஒரே சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இனி எடுப்பதை ஒரே சென்டரில் எடுங்கள்.

எனக்குப் பெர்ஃப்யூஷனில் ஹை கிரேடு என்றார்கள். ஆபரேஷன் முடிந்து ஒலிகோடெண்ட்ரோகிளையோமா, கிரேடு 2 என்று வந்திருக்கிறது. எதை நம்புவது? – வாசகர், கோயம்புத்தூர்

ஆபரேஷன் ரிசல்ட்டை. கிளையோமாவில் ஒரு வகையான ஒலிகோவின் சுபாவமே அது. மைக்ராஸ்கோப்பில் கோழிக்கூண்டுக் கம்பிவலை போல மெல்லிய தந்துகிகள் பின்னிக் கிடக்கும் கட்டி. கிரேடு 2-லேயே ரத்தம் நிறைய இருக்கும். 1.75 கோடு தவறாகப் பிடிக்கும் கட்டிகளில் இதுவும் ஒன்று. சுண்ணாம்பு படிந்த, மூளையின் மேற்பட்டையை ஒட்டிய கட்டியில் ஆர்.சி.பி.வி. கூடியிருந்தால் ‘ஒலிகோவாகவும் இருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதுவது நல்ல ரிப்போர்ட். 1பி/19க்யூ பரிசோதனை முடிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டில் கிரேடு ரோமன் எண்ணில் இருந்தால் குழம்ப வேண்டாம்; 2021-லிருந்துதான் சாதாரண எண்ணுக்கு மாறினார்கள்.

மாமியாருக்குச் சிறுநீரகம் பழுது, டயாலிசிஸ் செய்கிறோம். கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல் பெர்ஃப்யூஷன் எடுக்க முடியுமா? – வாசகி, திருநெல்வேலி

முடியும். ஏ.எஸ்.எல். (ஆர்டீரியல் ஸ்பின் லேபிளிங்) என்று பெயர். வெளியிலிருந்து மருந்து எதுவும் போடாமல், கழுத்தில் ஏறிவரும் ரத்தத்தையே ரேடியோ அலையால் குறியிட்டு, அது மூளைக்குள் பரவியதும் படமெடுப்பார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 1.8 விநாடி குறியிடுதல், 2 விநாடி காத்திருப்பு. குறியிடாத படத்திலிருந்து குறியிட்ட படத்தைக் கழித்தால் மிஞ்சுவது மொத்த சிக்னலில் ஒரு சதவீதம் தேறினால் அதிகம். அதனால் நாலைந்து நிமிடம் திரும்பத் திரும்ப எடுத்துச் சேர்ப்பார்கள்; அந்த நேரம் முழுக்க அசையாமல் படுக்க வேண்டும். ஒழுகல் தொல்லை இதில் பெரிதாக இல்லை. மூளையின் அடிப்பகுதி, ரத்தக்கசிவு உள்ள கட்டி போன்ற இடங்களிலும் டி.எஸ்.சி.யை விடத் தேவலை. ஆனால் படம் மங்கல், சிறு கட்டிக்குப் போதாது. கழுத்துத் தமனியில் அடைப்பு இருந்தால் குறியிட்ட ரத்தம் நேரத்துக்கு வந்து சேராது. அப்போது தமனிகள் மட்டும் பளிச்சென்று, மூளை இருண்டு தெரியும். கழுத்தில் ஸ்டென்ட் இருந்தால் கட்டாயம் முன்பே சொல்லுங்கள், குறியிடும் இடத்தையே அது கெடுத்துவிடும். ரத்தசோகை இருந்தாலும் சொல்லுங்கள். அப்போது ரத்த ஓட்ட எண் மூளை முழுவதுமே கூடுதலாக வரும். மறுபக்கத்தோடு ஒப்பிட்ட விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

டயாலிசிஸ் என்றாலே கடோலினியம் கூடவே கூடாது என்ற காலம் போய்விட்டது. தோலும் தசையும் இறுகிப்போகும் என்.எஸ்.எஃப். நோய்க்குப் பெரும்பாலும் காரணமானவை பழைய, நேர்ச்சங்கிலி வகை மருந்துகள். கடோடெரேட், கடோபியூட்ரால் போன்ற வளைய வகை மருந்துகளில் அந்த அபாயம் மிக மிகக் குறைவு. ஆபரேஷன் திட்டமிட அவசியம் என்று நியூரோசர்ஜன் சொன்னால், நெஃப்ராலஜிஸ்டிடம் பேசி டயாலிசிஸ் நாளன்று, டயாலிசிஸுக்குச் சற்று முன்னதாக ஸ்கேனை வைத்துக்கொள்ளலாம்.

கணவருக்குக் கிளையோபிளாஸ்டோமா. ரேடியேஷன் 30 நாள், டெமோசோலமைடு மாத்திரையோடு முடிந்தது. இரண்டு மாதத்தில் எடுத்த ஸ்கேனில் கட்டி இருந்த இடம் முன்பைவிடப் பெரிதாக மின்னுகிறது. திரும்ப வந்துவிட்டதா? – வாசகி, யாழ்ப்பாணம்

அப்படித்தான் என்று இந்த ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. ரேடியேஷன் முடிந்த முதல் 12 வாரத்துக்குள், சிகிச்சையின் விளைவாகவே குழாய்ச் சுவர் கெட்டு, கான்ட்ராஸ்ட் கசிந்து, கட்டி வளர்ந்தது போலத் தெரிவதுண்டு. போலி வளர்ச்சி என்று இதற்குப் பெயர். கட்டியில் எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன் என்ற மரபணுக் குறி உள்ளவர்களில் இது அதிகம். மின்னல் கசிவைத்தான் காட்டுகிறது. குழாய் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெர்ஃப்யூஷன் காட்டும். மின்னும் இடத்தில் ஆர்.சி.பி.வி. தாழ்ந்திருந்தால் சிகிச்சை விளைவு என்ற பக்கம் தராசு சாயும். உயர்ந்திருந்தால் கட்டி என்ற பக்கம். நிஜத்தில் பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். ஒரே இடத்தில் அடுத்தடுத்த ஸ்கேனில் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தனி எண்ணைவிட நம்பகமானது.

எனவே ஆன்காலஜிஸ்ட் மாத்திரையைத் தொடரச் சொல்லி, நாலிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி ஸ்கேன் என்றால், அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். பேச்சு குழறுவது, கை கால் பலம் குறைவது, தூக்கம் கூடுவது போன்றவை இருந்தால் மட்டும் அதுவரை காத்திருக்காதீர்கள். ஸ்கேனுக்குப் போகும்போது அன்றைய டெக்ஸாமெத்தசோன் டோஸ் எவ்வளவு, எத்தனை நாளாக என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் பெவாசிஸுமாப் ஊசி போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். அது மின்னலையும் ஆர்.சி.பி.வி.யையும் ஒருசேர இறக்கிவிடும். கட்டி சுருங்கியதாக ரிப்போர்ட் படிப்பவர் ஏமாறுவார்.

எட்டு வயதுப் பையனுக்குச் சிறுமூளையில் நீர்க்கட்டி, அதன் ஓரத்தில் நன்றாக மின்னும் முடிச்சு. ஆனால் பெர்ஃப்யூஷன் குறைவு என்கிறார்கள். மின்னினால் ஹை கிரேடு இல்லையா? – வாசகர், மதுரை

நீங்கள் விவரிக்கும் படம் பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமாவுக்குப் பொருந்துகிறது. குழந்தைகளில் வரும் கிரேடு 1 கட்டி. குழாய் ஒழுகுவதால் மின்னும், ஆனால் குழாய்கள் மண்டியிருப்பதில்லை. முழுவதும் எடுத்துவிட முடிந்தால் பெரும்பாலும் வேறு சிகிச்சை தேவைப்படுவதில்லை. முடிச்சை எடுத்து அனுப்பும் பயாப்ஸிதான் உறுதிப்படுத்தும்.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். பெர்ஃப்யூஷன் ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? – வாசகி, சேலம்

நிறுத்த வேண்டியதில்லை. பாலில் சேருவது தாய்க்குப் போட்ட டோஸில் 0.04 சதவீதத்துக்கும் குறைவு; அதிலும் குழந்தையின் குடல் உறிஞ்சுவது மிகக் கொஞ்சம். மனசு கேட்கவில்லை என்றால் முன்கூட்டியே பாலைப் பீய்ச்சி வைத்துக்கொண்டு, ஒரு நாள் மட்டும் அதைக் கொடுங்கள்.